பேனரில் எப்படிப் போடுவது?

வள்ளல்: வணக்கம் வார்டனம்மா! வர்ற ஆகஸ்ட் 15 நமக்குப் பிறந்தநாள். நாட்டுக்கும் எனக்கும் ஒரே நாள். அன்னைக்கு உங்க இல்லத்துப் பிள்ளைங்க முகத்துல சிரிப்பைப் பார்க்காம சோத்துல கை வைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

வார்டனம்மா: உக்காருங்க அண்ணாச்சி. 15-ஆ? (பதிவேட்டைப் புரட்டுகிறார்) காலையில எட்டு மணிக்கு ஒரு கேக்கு இருக்கு. பத்து மணிக்குக் கொடியேத்திட்டு ஒரு கேக்கு. மத்தியானம் ஒரு பெரியவருக்குத் திவசச் சாப்பாடு. நாலு மணிக்கு ஒரு கல்யாண நாள், அதுவும் கேக்கு. ராத்திரி ஏழு மணிக்குன்னா இடம் கிடக்கு. ஆனா அந்நேரத்துக்குப் பிள்ளைய பாட்டு கொஞ்சம் சுதி எறங்கித்தான் இருக்கும். விடிஞ்சதுலேர்ந்து 'ஹேப்பி பர்த்டே' பாடுதாவல்லா?

வள்ளல்: ஏழு மணிக்கு வெளிச்சம் போயிடுமே! போட்டோ எப்படி விழும்?

வார்டனம்மா: அப்போ வேற நாள் பாருங்க. காந்தி ஜெயந்தி, தீபாவளி, ஜனவரி 1, மூணும் நிரம்பிப் போச்சு. ஜூன் மாசம் முழுசாக் கிடக்கு. எட்டிப் பாக்க ஆள் இல்லை.

வள்ளல்: ஜூன்ல நான் பிறக்கலையேம்மா.

வார்டனம்மா: பிள்ளைய ஜூன்லயும் சாப்பிடுதாவ அண்ணாச்சி.

வள்ளல்: சரி, கேக்கை விடுங்க. பொருளாத் தர்றேன். ஆளுக்கு ஒரு ஸ்கூல் பேக், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். மூடி மேல என் படம் சின்னதா...

வார்டனம்மா: அந்த அலமாரியைத் திறந்து பாருங்க. பையத் திறங்க, மேல சரிஞ்சிரும். இங்க இருக்கிறது 32 பிள்ளைய. ஜாமெட்ரி பாக்ஸ் 140. புஸ்தகம், நோட்டு, பை, யூனிபார்ம் எல்லாம் அரசுப் பள்ளியிலயே குடுத்துருதாவ. ஒரு பிள்ளை நாலு காம்பஸை வச்சு என்ன செய்யும்? அலகு குத்தவா?

வள்ளல்: அப்ப என்னதாம்மா வேணும்? வாயைத் திறந்து கேளுங்க. அள்ளிக் கொடுக்கவே பிறந்தவன் நான்.

வார்டனம்மா: ராத்திரிக் காவலுக்கு இருந்த ஆயா நின்னுட்டா. நாங்க குடுக்கிற சம்பளத்துக்கு வேற ஆள் வர மாட்டேங்காவ. சின்னது ஒண்ணு நடுராத்திரி முழிச்சு அழுதா தட்டிக் குடுக்கக் கை இல்லை. ஆயாவுக்கு ஒரு வருசச் சம்பளத்தை நீங்க ஏத்துக்கிடுங்க.

வள்ளல்: ஆயா சம்பளமா? அதை பேனர்ல எப்படிம்மா போடுறது?

வார்டனம்மா: சரி, வேண்டாம். பொம்பளைப் பிள்ளைய குளிக்கிற அறையில மூணு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

வள்ளல்: தாழ்ப்பாளை பேனர்ல எப்படிப் போடுறது?

வார்டனம்மா: 'தாழ்ப்பாள் தந்த தங்கமே'ன்னு போடுங்க. மோனை நல்லாத்தான விழுது.

வள்ளல்: கேலி பண்றீங்க.

வார்டனம்மா: செப்டிக் டேங்க் நிரம்பி மூணு வாரம் ஆச்சு. லாரிக்குச் சொல்லணும். 'கழிவுநீர் அகற்றிய கர்ணனே!'

வள்ளல்: அம்மா, கவச குண்டலத்தோட நான் கர்ணனா நிக்கிற படம் ஏற்கெனவே டிசைன் பண்ணியாச்சு. பின்னாடி செப்டிக் டேங்க் லாரி நின்னா நல்லாவா இருக்கும்?

வார்டனம்மா: இன்னொண்ணு சொல்லுதேன். இங்க ஒரு பையனுக்கு ரத்தப் புற்றுநோய். வைத்தியம் ரெண்டு வருசத்துக்கு மேல ஓடும். மருந்துச் செலவு அரசுக் காப்பீட்டுல கழிஞ்சிருது. ஆனா ஒவ்வொரு தடவையும் அவனைக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள், பஸ் காசு, அங்கன தங்குத இடம், சாப்பாடு...

வள்ளல்: (நிமிர்ந்து உட்கார்ந்து) இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? நோயாளிப் பிள்ளை! மொட்டைத் தலை, மூக்குல குழாய்... பேனர் பிச்சுக்கிட்டுப் போகும்!

வார்டனம்மா: மூக்குல குழாய் கிடையாது. பின்னால உக்காந்து கேரம் ஆடுதான். காலையிலதான் என்னையத் தோக்கடிச்சான்.

வள்ளல்: அடடா... சிரிச்ச முகமா? அப்ப எடுபடாதே.

வார்டனம்மா: அண்ணாச்சி, பணக்கார நாடுகள்ல புத்துநோய் வந்த பிள்ளையள்ல நூத்துக்கு எண்பதுக்கு மேல பிழைச்சுக்கிடுதாவன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஏழை நாடுகள்ல முப்பதுகூட இல்லை. நோயைக் கண்டுபிடிக்கவே நாளாயிருது. மருந்து கிடைக்கது இல்லை. கிடைச்சாலும் போக்குவரத்துக்கு வழியில்லாம பாதியில நிறுத்திருதாவ. பாதியில நிறுத்துனா ஆரம்பிக்காத மாதிரிதான். பஸ் டிக்கெட்டு ஒரு உயிரைக் காப்பாத்தும்னா நம்புவியளா?

வள்ளல்: நம்புறேன். ஆனா பஸ் டிக்கெட் ரொம்பச் சின்னது. 20 அடி பேனர்ல அதைப் பெருசாக்கினா உடைஞ்சு தெரியும். நோயாளிப் பிள்ளைகளுக்கு நான் செய்யாம இல்லை. 'ஒரு ஷேருக்கு ஒரு ரூபாய்'னு வாட்ஸ்அப்ல வருதே, தினமும் பத்து குரூப்புக்கு அனுப்புறேன்.

வார்டனம்மா: அந்தப் படத்துல இருக்கிற பிள்ளை இப்போ காலேஜ் முடிச்சிருக்கும். அந்த ஒரு ரூவாயை யாரு குடுக்கா? எந்தக் கவுண்டர்ல போய் வாங்கணும்? சொன்னா நானும் வரிசையில நிக்கேன்.

வள்ளல்: அதை விடுங்க. போன பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் நடத்தினேன். ஒரே நாள்ல 300 பேர்!

வார்டனம்மா: அதை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல காரியம். ஆனா கீமோ ஏறுன பிள்ளைக்கு ரத்தத்துல தட்டணு இறங்கிரும். பிரிச்செடுத்த தட்டணு 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுவையே 42 நாளைக்கு மேல வைக்க மாட்டாவ. 300 பேரும் ஆகஸ்ட் 15-லயே குடுத்துட்டா, 21-ஆம் தேதி தட்டணு கேக்குத தாய் எங்க போவா? அந்த 300 பேரையும் வாரத்துக்கு ஆறு பேரா ரத்த வங்கிக்கு அனுப்பி வையுங்க. வருசம் முழுக்க ஓடும்.

வள்ளல்: வாரத்துக்கு ஆறு பேரா? 'ஆறு பேர் மாபெரும் ரத்ததானம்'னு பேனர்ல எப்படிப் போடுறது? ஊரே சிரிக்காதா? இங்க பாருங்கம்மா. எனக்கு ஆதரவற்ற பிள்ளைங்க வேணும். அம்மா அப்பா இல்லாத பிள்ளைங்க. அவ்வளவுதான்.

வார்டனம்மா: இங்க இருக்கிற 32-ல 20-க்கு மேல அம்மா இருக்காவ.

வள்ளல்: (அதிர்ச்சியுடன்) இருக்காங்களா? அப்ப 'அநாதைகளின் ஆண்டவரே'ன்னு அச்சுக்குக் கொடுத்தது என்ன ஆகுறது?

வார்டனம்மா: ஒருத்தி தீப்பெட்டி ஒட்டுதா. ஒருத்தி செங்கச் சூளையில கிடக்கா. புருசன் செத்துட்டான், இல்ல ஓடிட்டான். சோத்துக்கு வழியில்லாமத்தான் பிள்ளையைக் கொண்டாந்து விட்டிருக்காவ, பாசம் இல்லாம இல்லை. மாசம் 4,000 கைக்கு வந்தா அந்தப் பிள்ளை அம்மா மடியிலயே வளரும். அதுக்கு 'மிஷன் வாத்சல்யா'ன்னு மத்திய அரசுத் திட்டமே இருக்கு. விண்ணப்பம் எழுதணும், சான்றிதழ் வாங்கணும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நாலு நடை நடக்கணும். கூலியை விட்டுட்டு எந்தத் தாய் நடப்பா? உங்க பின்னால 40 பயலுவ பைக்குல வாரானுவல்லா, ரெண்டு பேரைத் தாங்க. நடையா நடக்கட்டும்.

வள்ளல்: அப்படி எல்லாப் பிள்ளையும் அம்மாகிட்டப் போயிட்டா, அடுத்த வருஷம் நான் யாருக்கு கேக் ஊட்டுறது?

வார்டனம்மா: (பதிவேட்டை மூடுகிறார்) போன வருசம் ஒரு பேனர் வச்சியளே, ஞாபகம் இருக்கா?

வள்ளல்: இல்லாம? பஸ் ஸ்டாண்டு வாசல்ல, 20 அடி. நான் பிஸ்கட் கொடுக்கிறேன், ஒரு பொண்ணு ரெண்டு கையும் நீட்டி வாங்குது. பார்த்தவன் எல்லாம் கண் கலங்கிட்டான்.

வார்டனம்மா: அஞ்சு ரூவா பாக்கெட்டு. கேமராக்காரன் 'இன்னொரு தடவை'ங்கான், நீங்க பிடுங்குனிய. திரும்பக் குடுத்திய. 'பாப்பா கேமராவைப் பாரு'ங்கான், திரும்பப் பிடுங்குனிய. ஒரு பாக்கெட்டை ஒன்பது தடவை குடுத்த வள்ளல் உலகத்துல நீங்க ஒருத்தர்தான். அந்தப் பிள்ளை எட்டாங்கிளாஸ் படிக்கா. தாய் இருக்குன்னு கூடப் படிக்கிற பிள்ளையள்ட்ட சொல்லியிருந்தா, விடுதியில தங்கிப் படிக்கேன்னு சொல்லியிருந்தா. அவளுக்குன்னு ஒரு மானம் இருந்தது. அதுல நீங்க 'ஆதரவற்ற'ன்னு எழுதி, விளக்குப் போட்டு, பஸ்ஸு ஏறுத எடத்துல கட்டுனிய. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலை. போன அன்னைக்குக் கிளாஸ்ல அவளுக்குப் பேர் வச்சிட்டாவ. என்ன பேரு தெரியுமா? 'பேனர்.' இன்னைக்கு வரைக்கும் அதான் பேரு. 'ஏட்டி பேனர், இங்க வா'ங்காவ. எல்லாத்தையும் பேனர்ல எப்படிப் போடுறதுன்னு கேக்கியளே, அவளை எப்படி அண்ணாச்சி அதுலேர்ந்து எறக்கது?

(வள்ளல் தொண்டையைச் செருமுகிறார். கைக்குட்டையைத் தேடுகிறார். கிடைக்கவில்லை.)

வார்டனம்மா: இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. 2015-ஆம் வருச இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. இந்த மாதிரி இல்லத்துல இருக்கிற பிள்ளையோட பேரு, படம், பள்ளிக்கூடம், எதையும் பத்திரிகையிலயோ வேற எதுலயோ அடையாளம் தெரியுத மாதிரி வெளியிடக் கூடாது. மீறுனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். போன வருசம் நான் லீவுல இருந்த அன்னைக்கு வந்து வேலையை முடிச்சிட்டிய.

வள்ளல்: ஜெயிலா? அப்ப... பிள்ளைங்க முகத்தை எல்லாம் மறைச்சிட்டா?

வார்டனம்மா: மறைச்சா உங்க முகம் மட்டுந்தான் தெரியும்.

வள்ளல்: (யோசித்து) அது ஒண்ணும் மோசமில்லையே!

வார்டனம்மா: நினைச்சேன்.

வள்ளல்: சரிம்மா, கோபப்படாதீங்க. போன வருஷம் நான் கொடுத்தது எல்லாம் வீண்தானா?

வார்டனம்மா: யாரு சொன்னா? அந்த பேனர் துணி நல்ல துணி. ஒழுகுத குளியலறைக் கூரையில அதைத்தான் விரிச்சிருக்கோம். முதல்ல உங்க முகம் உள்பக்கமா இருந்தது, பிள்ளைய குளிக்க மாட்டேன்னுட்டாவ. திருப்பிப் போட்டோம். இப்போ மொட்டை மாடிக் காக்காதான் பாக்குது.

வள்ளல்: கடைசியாச் சொல்றேன். 10,000 ரூபாய் ரொக்கம். ரசீதை மட்டும் ஒரு லட்சத்துக்குப் போட்டுடுங்க. வரிக்கு ஆகும்.

வார்டனம்மா: ஆகாது. ரொக்கமாத் தந்தா 2,000-க்கு மேல வரிச் சலுகை கிடையாது. பொருளாத் தந்தா சுத்தமா கிடையாது, ஜாமெட்ரி பாக்ஸையும் சேத்து. யாரு எவ்வளவு தந்தாவன்னு நாங்களே வருமான வரித்துறையில கணக்கு ஏத்தணும். அதுலேர்ந்து வார சான்றுதான் செல்லும். வங்கி வழியா அனுப்புங்க.

வள்ளல்: வங்கி வழியா அனுப்பினா யார் பார்ப்பா? கதவு அளவுக்கு அட்டையில ஒரு செக் தயார் பண்ணி வச்சிருக்கேனே!

வார்டனம்மா: அதைக் கொண்டாங்க. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்.

வள்ளல்: பேர் வராதுன்னா இந்த உலகத்துல எவன்மா கொடுப்பான்?

வார்டனம்மா: ஏன், குடுத்தவ்வோ இல்லையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கச்சி புத்துநோயிலதான் செத்தாவ. அந்தத் துக்கம் ஆறாம, அடையாறுல 1954-ல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி திறந்தாவ. தன் பேரையும் வைக்கலை, தங்கச்சி பேரையும் வைக்கலை. கூட நின்ன இந்திய மாதர் சங்கத்தோட பேருதான் ஆஸ்பத்திரி பேரு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள இன்னைக்கும் இருக்கு. எத்தனை ஊர்ப் பிள்ளைய அங்க போய்ப் பிழைச்சு வந்திருக்காவ!

வள்ளல்: அவங்க தேர்தல்ல நிக்கலையேம்மா.

வார்டனம்மா: அவங்க பிரிட்டிஷ் இந்தியாவிலயே சட்டசபையில உறுப்பினரா உக்காந்த முதல் பொம்பளை, அண்ணாச்சி. சென்னை மாகாணத்துல, 1927-ல.

(சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.)

வள்ளல்: நான் கிளம்புறேன். பைபாஸ் பக்கம் புதுசா ஒரு இல்லம் திறந்திருக்காங்களாம். எந்த நாள், எந்த நேரம் போனாலும் பிள்ளைங்களை வரிசையா நிறுத்தி வைப்பாங்களாம். ரசீதும் நாம சொல்ற தொகைக்காம்.

வார்டனம்மா: அங்க பதிவுச் சான்று கேட்டியளா?

வள்ளல்: கேட்டேன். போன காத்துல பறந்து போச்சுன்னாங்க.

(வள்ளல் பைபாஸ் பக்கம் போய்விட்டார். பிள்ளைகளை வைத்து நடத்தும் எந்த இல்லமும், அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமல் நடத்துவது குற்றம். ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் அப்படி ஓர் இடத்தில் கேக் வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால், கை தட்டுவதற்கு முன் 1098-ஐக் கூப்பிடுங்கள். காசு பிடிக்காது.)