எடுத்த படம் எங்கே போனது?

சென்ற இதழில் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பல்லவிதான்: எடுத்தேன், காணோம். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துகிறேன். சத்தமும் இல்லை, சலனமும் இல்லை. கம்ப்யூட்டர் முழுக்கத் தேடிவிட்டேன், படம் கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பது விண்டோஸ் 10.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ஐயா, இல்லாத இடத்தில் தேடியிருக்கிறீர்கள். அந்தக் கீயைத் தனியாகத் தட்டினால் படம் கிளிப்போர்டுக்குத்தான் போகும், ஃபோல்டருக்குப் போகாது. கிளிப்போர்டு என்பது உள்ளங்கையில் ஏந்திய தண்ணீர். உடனே ஒரு பாத்திரத்தில் ஊற்றிவிட வேண்டும். பெயின்ட்டையோ வேர்டையோ திறந்து, கண்ட்ரோலுடன் வி தட்டி ஒட்டி, பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். நடுவில் வேறு எதையாவது காப்பி செய்தால் பழைய தண்ணீர் கீழே போய்விடும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் அப்படியே.

இனிமேல் விண்டோஸ் கீயை அழுத்திப் பிடித்தபடி பிரிண்ட் ஸ்கிரீனைத் தட்டுங்கள். திரை ஒரு கணம் மங்கித் தெளியும். 'வாங்கி வைத்துவிட்டேன்' என்று கம்ப்யூட்டர் உங்களுக்குத் தலையாட்டுவது அதுதான். படம் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த வசதி இது. சில லேப்டாப்புகளில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இன்றே செய்துவிடுங்கள். விண்டோஸ் கீயுடன் வி தட்டினால் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, கிளிப்போர்டு வரலாற்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு கடைசியாகக் காப்பி செய்த 25 வரை அங்கே வரிசையாக நிற்கும். கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினால், நீங்கள் பின் குத்தி வைத்தவை தவிர மற்றவை போய்விடும். இதற்கு முன் தொலைந்தவற்றை இது மீட்டுத் தராது. இனித் தொலைவது குறையும்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தமிழில் என்ன?
– கல்லூரி மாணவி, மதுரை

திரைப்பிடிப்பு. சொல்லிப் பாருங்கள், நாக்கில் நன்றாக உட்காருகிறது.

ஒரே லேப்டாப்தான். ஆனால் சில படங்கள் பிக்சர்ஸில், சில ஒன்டிரைவில், சில வீடியோஸில் கிடக்கின்றன. நான் அப்படிப் பிரித்து வைக்கவே இல்லையே?
– ஆடிட்டர் அலுவலக உதவியாளர், கோவை

நீங்கள் பிரிக்கவில்லை, உங்கள் விரல்கள் பிரித்தன. எந்தக் கீயை அழுத்தினீர்களோ அதற்கேற்ற வீட்டுக்குப் படம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விண்டோஸும் பிரிண்ட் ஸ்கிரீனும் சேர்ந்தால் பிக்சர்ஸில் உள்ள ஸ்கிரீன்ஷாட்ஸ். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் என்று மூன்றையும் அழுத்தி வேண்டிய பகுதியை மட்டும் வெட்டுகிறீர்களா? விண்டோஸ் 11-இல் இப்போதுள்ள ஸ்னிப்பிங் டூல் அதையும் அதே ஃபோல்டரில் தானாகச் சேமிக்கிறது. விண்டோஸ் 10-இல் சேமிக்காது. மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பைத் தட்டி நீங்களே சேமித்தால்தான் உண்டு. விண்டோஸ், ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் சேர்ந்தால் அது விளையாட்டுக்காரர்களுக்கான கேம் பார். அதற்கு வீடியோஸுக்குள் கேப்சர்ஸ் என்று தனி வீடு. வீடியோ ஃபோல்டரில் போய்ப் படத்தைத் தேட யாருக்குத் தோன்றும்? அதனால்தான் பலருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

ஒன்டிரைவ் விஷயம் வேறு. புது லேப்டாப்பை முதல்முறை திறந்தபோது 'உங்கள் ஃபோல்டர்களைப் பாதுகாக்கட்டுமா' என்று கேட்டிருக்கும், நீங்களும் அவசரத்தில் சரி என்றிருப்பீர்கள். அன்றிலிருந்து பிக்சர்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் குடிபோய்விட்டது. பழைய இடத்தில் இன்னொரு பிக்சர்ஸ் காலியாகவோ பாதி நிரம்பியோ கிடக்கும். இரண்டையும் திறந்து பாருங்கள். இதில் நன்மையும் உண்டு: லேப்டாப் கெட்டுப்போனாலும் படங்கள் இணையத்தில் இருக்கும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். ஆடிட்டர் அலுவலகம் என்கிறீர்கள். வாடிக்கையாளரின் கணக்கு விவரம் உள்ள திரை உங்கள் சொந்த ஒன்டிரைவுக்குப் போவது சரியில்லை. முதலாளியிடம் பேசி, அந்த இணைப்பை நிறுத்துங்கள்.

சேமிக்கிற கீக்கு ஏன் 'பிரிண்ட்' என்று பெயர்?
– பள்ளி மாணவன், நாகர்கோவில்

ஒரு காலத்தில் அது நிஜமாகவே பிரிண்ட் செய்தது, தம்பி. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது ஷிஃப்ட்டுடன் அந்தக் கீயை அழுத்தினால், திரையில் இருந்த எழுத்துகள் அப்படியே பிரிண்டரில் காகிதமாக வெளியே வரும். வேலை மாறிவிட்டது, பெயர் தங்கிவிட்டது. தந்தி இல்லாத ஊரில் தந்தி ஆபீஸ் தெரு இருக்கிறதல்லவா, அதுபோல.

என் ஃபோல்டரில் நாலாயிரத்துக்கும் மேல் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஒன்றுகூடப் பெயர் வைத்ததில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? இடம் அடைக்கிறதே.
– மருந்துக்கடை உரிமையாளர், திருச்சி

அழிக்காதீர்கள். ஒரு படம் சராசரியாக அரை எம்பி என்று வைத்தால்கூட நாலாயிரமும் சேர்ந்து 2 ஜிபிதான். உங்கள் தொல்லைக்குக் காரணம் இடமல்ல, பெயர். எல்லாப் பிள்ளைக்கும் 'ஸ்கிரீன்ஷாட்' என்று ஒரே பெயர் வைத்து, வரிசை எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, பிறகு கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பரணில் ஏற்றிய பாத்திரத்துக்குக்கூட எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பெயர் வெட்டி வைக்கிற ஊர் நம்முடையது.

உட்கார்ந்து செய்ய ஒரு வழி சொல்கிறேன். ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் அழுத்துங்கள். படங்கள் பெரிதாகி, ஒவ்வொன்றையும் திறக்காமலே உள்ளே என்ன என்று தெரியும். கண்ட்ரோலைப் பிடித்தபடி வேண்டாதவற்றைச் சொடுக்கிக்கொண்டே போய் ஒரே அடியாக அழியுங்கள். மிஞ்சியதில் முதல் படத்தைத் தொட்டு எஃப்2 தட்டுங்கள், பெயரை அடியுங்கள், பிறகு என்டர் வேண்டாம், டேப் கீயைத் தட்டுங்கள். அடுத்த படத்தின் பெயர் தானாகத் திறந்து காத்திருக்கும். பூக்கட்டுகிறவர் கைபோல விரல் ஓடத் தொடங்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த முறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் வரிசையில் இருந்தவை இவை: மின்கட்டண ரசீது, காத்திருப்பிலிருந்து உறுதியான ரயில் டிக்கெட், அக்கா அனுப்பிய ரசப்பொடி அளவு, குழந்தையின் தடுப்பூசித் தேதி, என்னவென்றே தெரியாத ஒரு பிழைச் செய்தி. ரசப்பொடிக்கு 'ரசப்பொடி அக்கா' என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். ஆம், ஃபைல் பெயரைத் தமிழில் வைக்கலாம், தமிழில் தட்டியே தேடலாம். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

தேதி சேர்ப்பதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள்: '2025-03-14 மருந்து பில் மொத்தக்கடை'. அப்போதுதான் வரிசைப்படுத்தும்போது காலவரிசை கலையாது. 14/3 என்று சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறியும் அப்படித்தான்.

நாலாயிரத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். இந்த வருடத்துப் படங்களுக்கு மட்டும் பெயர் வையுங்கள். அதற்கு முந்தையதை 'பழையவை' என்ற ஒரே ஃபோல்டரில் தள்ளிவிடுங்கள்.

சி டிரைவில் சேராமல் டி டிரைவில் நேராகச் சேரும்படி செய்ய முடியுமா?
– டிடிபி சென்டர் நடத்துபவர், சிவகாசி

முடியும். முதலில் டி டிரைவில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். அங்கே புது ஃபோல்டரைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவை மட்டும் காட்டிவிடாதீர்கள். டிரைவ் முழுவதுமே ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டராக மாறி, திருப்பிக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணை வெட்டிவிட்டுத்தான் படத்தை அனுப்புகிறேன். அது போதும்தானே?
– இ-சேவை மைய ஊழியர், விழுப்புரம்

போதும் என்றுதான் உலகமே நினைத்தது. 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் முதலில் கூகுள் பிக்சல் போனில் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். அதே ஓட்டை விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் விண்டோஸ் 10-இன் ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச்சிலும் இருப்பது சில நாட்களில் தெரியவந்தது. படத்தை வெட்டி அதே ஃபைலின் மேலேயே சேமித்தால், வெட்டிய பகுதியின் தகவல் ஃபைலின் வாலில் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் பத்து வரி இருந்த இடத்தில் மேல் நாலு வரியை மட்டும் அழித்து எழுதிவிட்டு, கீழே ஆறு வரியைத் துடைக்காமல் போன கதை. தெரிந்தவர் அதைத் தோண்டி எடுக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த மாதமே சரிசெய்துவிட்டது. ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் எங்கெங்கோ இருக்கின்றன.

உங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் உங்களை நம்பித் தங்கள் எண்களைத் தருகிறார்கள். அதனால் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள். வெட்டிய படத்தை வேறு பெயரில் புது ஃபைலாகச் சேமியுங்கள். எண்ணை மறைக்க ஹைலைட்டர் பேனாவைத் தேய்க்காதீர்கள். அடியில் உள்ளது தெரியும். அடர்ந்த கறுப்புக் கட்டம் போடுங்கள். ஆதார் வேண்டுமென்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற முகமூடி ஆதாரையே பதிவிறக்கிக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அவர்கள் படத்தை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

இணையத்தில் ஒருவன் ஏமாற்றிப் பணம் வாங்கிவிட்டான். பேசியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். சாட்சியாகுமா?
– பெயர் வேண்டாம், சேலம்

முதலில் 1930-க்கு அழையுங்கள். இந்தப் பத்தியைப் படித்து முடிக்கவும் காத்திருக்க வேண்டாம். பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த முடிவது தொடக்க நேரத்தில்தான்.

ஸ்கிரீன்ஷாட் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. படத்தை யாரும் மாற்றலாம் என்பது போலீசுக்கும் தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பு என்ற, ஃபைலின் கைரேகை போன்ற எண்ணும் வரும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எனவே அசல் படங்களை வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள். பிரதி எடுத்து அதில் போடுங்கள். உரையாடலையும் மின்னஞ்சலையும் போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ அழிக்காதீர்கள். யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். ஏமாந்ததில் உங்களுக்கு எந்த வெட்கமும் வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் அவன்.

மேக் வாங்கியிருக்கிறேன். பிரிண்ட் ஸ்கிரீன் கீயே இல்லையே?
– வடிவமைப்பாளர், சென்னை

கமாண்ட், ஷிஃப்ட், 3 என்றால் முழுத்திரை. 4 என்றால் வேண்டிய பகுதி. இரண்டும் டெஸ்க்டாப்பில் வந்து விழும். 5 தட்டினால் ஒரு பட்டை வரும், அதில் ஆப்ஷன்ஸ் போய் வேறு ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவோடு வீடியோ காலில் பேசும்போது, அவர் சிரித்த நேரம் பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அப்பா இப்போது இல்லை. படமும் கிடைக்கவில்லை. நடுவில் லேப்டாப்பும் மாற்றிவிட்டேன்.
– ஒரு மகள், தூத்துக்குடி

அம்மா, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பழைய லேப்டாப்பின் ஃபைல்களைப் புதியதில் ஏற்றியிருந்தால், அதில் திஸ் பிசியைத் திறந்து, தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிறகு பி, என், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். நேரம் எடுக்கும், ஓடட்டும். வருவதை 'டேட் மாடிஃபைட்' என்ற தேதியால் வரிசைப்படுத்துங்கள். 'டேட் கிரியேட்டட்' பார்க்க வேண்டாம். ஃபைல்களைக் காப்பி செய்திருந்தால் அது லேப்டாப் மாற்றிய நாளைத்தான் காட்டும். அப்பாவோடு பேசிய அந்த மாதத்துக்குப் போய், ஒவ்வொரு படமாகப் பாருங்கள்.

அதில் இல்லையென்றால் வீடியோஸில் உள்ள கேப்சர்ஸ். பிறகு ஒன்டிரைவ் இணையதளத்தில் உங்கள் கணக்கு. அன்றைக்கு அந்தச் சிரிப்பை யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அண்ணனிடம், சித்தியிடம், குடும்பக் குழுவில் கேளுங்கள். அனுப்பிய மின்னஞ்சல்களையும் பாருங்கள்.

பழைய லேப்டாப் இன்னும் வீட்டில் இருந்தால் அதில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், அழிந்த படத்தையும் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

கிடைத்ததும் அப்பா பெயரை வைத்துச் சேமியுங்கள். பென்டிரைவில் ஒன்று, அண்ணனிடம் ஒன்று. ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு பிரிண்ட்டும் போட்டுவிடுங்கள். கிடைத்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.