தழும்புக்குக் கையெழுத்து

கொரியப் போரில் காயம்பட்ட அமெரிக்கக் கிழவர் ஒருவர், தன் பணிச்சான்றில், போரில் காயமுற்றோருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் விடுபட்டிருப்பதைக் கண்டால் கலங்க வேண்டாம். ராணுவம் அவரைக் கைவிடாது, படிவம் கொடுக்கும். டி.டி. 149. தவறு தெரிந்த 3 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பிந்தினாலும், நீதியின் நலன் கருதி ராணுவ ஆவணத் திருத்த வாரியம் மன்னிக்கலாம். தவறு செய்தது அலுவலகம், மன்னிக்கப்படுவது கிழவர். எவ்வளவு பெரிய மனசு!

ஆதாரமா? கூடப் போரிட்டவரின் வாக்குமூலம் இருந்தால் நல்லது. தொண்ணூறைத் தாண்டி ஒருவர் மிஞ்சியிருந்து, அந்தக் குண்டையும் ஞாபகம் வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. தழும்பைக் காட்டலாமே என்பீர்கள். தழும்பில் அதிகாரி கையெழுத்து எங்கே?

அசல் கோப்பைப் புரட்டினால் தீர்ந்தது என்பது விவரம் அறியாதவர் பேச்சு. அந்தக் கோப்புகள் இருந்த செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று பற்றிய தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் சாம்பல். நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. கோப்புகள் இருந்த தளங்களில் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களும் இல்லை. காகிதம் நனைந்துவிடக் கூடாதல்லவா?

காப்பகத்தாரை ஆவணப் பற்று இல்லாதவர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் அபாயமணி அடித்து 4 நிமிடம் 20 வினாடியில் தீயணைப்பு வீரர்கள் வந்து சேர்ந்ததை வினாடி பிசகாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். கொரியாவில் குண்டு பாய்ந்தபோது இப்படிக் குறித்து வைப்பவர்களில் ஒருவராவது கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றிருக்கலாம்.