நின்று நின்று ஓடும் புல்லட்: ஒரு திணை ஆய்வு

முற்றிலும் கெட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஆய்வுக்குரிய பொருள் அன்று. அது ஓடாது, அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இங்கே ஆராயப்படுவது வேறொரு வண்டி. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ‘மிஸ்’ அடிக்கும், நடுரோட்டில் நிற்கும், உதைத்தவர் சட்டையெல்லாம் நனைந்த பிறகும் அசையாது. மெக்கானிக் வந்து சீட்டில் கை வைத்ததும் ஒரே உதையில் கிளம்பிவிடும். ஆய்வுக்களம் 350 சிசி பழைய புல்லட். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய தயாரிப்பு திருவொற்றியூரில் நிலைகொண்டதால் அது தமிழ் நிலத்துக் கருப்பொருள் ஆகிறது. பாயிண்ட், கண்டன்ஸர், காயில், கார்ப்பரேட்டர் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவரும் நாட்டில் இல்லை.

முன்னோர் இப்பொருளில் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். பிளக் கட்சியார் எந்த நோய்க்கும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பர். கார்ப்பரேட்டர் கட்சியார் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவர். கலப்படக் கட்சியார் எதையும் கழற்றுவதில்லை. “பெட்ரோல் சரியில்ல சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வர். மூவரில் மறுக்க முடியாதவர் இவர்தாம், ஏனெனில் சான்று முழுவதும் ஏற்கெனவே எரிந்துவிட்டது. முதலிரு கட்சியாரின் சிகிச்சையும் பலிக்கத்தான் செய்கிறது, தெருமுனை வரைக்கும்.

இவர்கள் வழுவியது எங்கே? உறுப்பை முதலில் பார்த்தார்கள். தொல்காப்பியரோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார், மற்றதெல்லாம் பிறகு. ‘என்ன கெட்டது’ என்று கேட்பவனுக்கு வண்டி பதில் சொல்லாது. ‘எப்போது, எங்கே நின்றது’ என்று கேட்டால் சொல்லும். அகத்திணை ஏழும் புல்லட்டுக்கு அப்படியே பொருந்துவது எமக்கே வியப்பளித்தது.

கைக்கிளை ஒருதலைப்பட்சமானது. ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் எஞ்சின் அணையும். வயர்க்கட்டு ஹேண்டிலுக்குக் கீழே வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும்; மேலுறை மட்டும் முழுசாக இருந்து ஆளை ஏமாற்றும். முல்லைக்குக் கார்காலமும் மாலையும். மழையில் மட்டும் மிஸ் அடித்தால் பிளக் கேப்பையும் அதன் வயரையும் சந்தேகிக்க வேண்டும். இருட்டில் வண்டியை ஓடவிட்டு அந்த வயரில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப்பொறி துள்ளுவது தெரியும். தொட்டுப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்க.

குறிஞ்சிக்குப் பொழுது யாமம். ராத்திரி ஹெட்லைட் போட்டதும் திணறும் வண்டிக்கு, பொறி தரும் காயிலும் விளக்கும் ஒரே பேட்டரியை நம்பியிருப்பதுதான் சிக்கல். ஆம்மீட்டர் முள் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று கொள்க. விடியற்காலையில் சோக் போடாமல் கிளம்ப மறுப்பது மருதத்து ஊடல். அதை நோய் என்று எண்ணுவது பிழை. நெய்தலில் உப்புக்காற்று ஃப்யூஸ் முனையிலும் எர்த் இணைப்பிலும் பச்சைக் களிம்பு பூசிவைக்கும், பள்ளத்தில் இறங்கியதும் வண்டி அணையும், உரிமையாளர் இரங்குவார்.

பாலைதான் ஆய்வாளரின் பெருநிலம். நண்பகல், வேனில், பிரிவு. குளிர்ந்திருக்கையில் குறையே சொல்ல முடியாது. சூடேறியதும் நிற்கும். மரநிழலில் கொஞ்ச நேரம் நின்றால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மெக்கானிக் முன்னிலையில் நோய் மறைவதன் ரகசியமும் இதுவே: கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவதற்குள் எல்லாம் ஆறிவிடுகிறது. முதற்குற்றவாளி கண்டன்ஸர். புல்லட்டில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 25. ஒவ்வொரு பொறிக்கும் பாயிண்ட் ஒருமுறை திறக்கிறது, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளிக்கு. அப்போது மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டாமல் ஏந்திக்கொள்வது கண்டன்ஸரின் வேலை. சூட்டில் அது கைவிட்டால், பிளக்கில் வரவேண்டிய பொறி பாயிண்டிலேயே எரிந்து தீரும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட் முகம் கருகி, குழியும் மேடுமாக இருக்கும். அடுத்தவர் காயில். உள்ளே நூலிழைக் கம்பி சூட்டில் பிரிந்து, ஆறியதும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாமவர் பாலையில் ஒளிந்திருக்கும் வேற்றுநாட்டவர்: பெட்ரோல் டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத்துளை தூசியில் அடைந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் கார்ப்பரேட்டருக்கு ஒன்றும் வராது. இதுவும் சற்று ஓடிய பிறகே வருவதால் சூட்டு நோய் என்று மயங்குவர். பயணியோ பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார், இருக்கும். மூடிவிட்டு உதைப்பார், ஓடும். தாமே வைத்தியம் செய்துகொண்டது அறியாமல் கண்டன்ஸருக்குக் காசு கொடுப்பார்.

எஞ்சிய பெருந்திணை, பொருந்தாக் கூட்டம். அதிரும் சைலன்சரைப் பொருத்திவிட்டு ஜெட்டை மாற்றாமல் விட்டவரின் வண்டி படபடவென்று வெடிப்பதற்கு எம்மிடம் அனுதாபம் இல்லை.

2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குப் பின் புது வண்டிகளில் கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதே, இந்த ஆய்வு எதற்கு என்று வினவுவர் சிலர். கம்ப்யூட்டர் தன் சென்சாருக்கு எட்டிய குறையைத்தான் குறித்து வைக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் அறுகிற வயர் இன்னும் கைக்கிளைதான்.

ஆகவே தீர்ப்பு. சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென நின்றால் மின்சாரத்தைத் தேடுக. இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோலைத் தேடுக. நின்ற உடனே, ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றிப் பார்க்க: ஈரமாக இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறியைத்தான் காணோம், காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஒரே நாளில் இரண்டு பாகத்தை மாற்றாதீர். எது குணமாக்கியது என்று தெரியாமலே போகும். மெக்கானிக்கிடம் வண்டியோடு, நின்ற இடமும் நேரமும் எழுதிய சீட்டையும் கொடுங்கள். இதற்கெல்லாம் முன்னால், அடுத்தமுறை வண்டி நின்றதும், உதைக்காமல் டேங்க் மூடியைத் திறந்து ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.