38 பேருக்கு ஜாமீன்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எனக்கு ‘வக்கீல் டீச்சர்’ என்று பெயர். நான் எடுப்பது கணக்கு. எந்த ஆப் வந்தாலும் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், அதற்கு மேலே எழுதியிருப்பதைப் படிப்பேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். “நீங்க கல்யாணப் பத்திரிகையிலகூட பின்பக்கம் பாக்குற ஆளு டீச்சர்” என்பார் பி.டி. சார். பார்ப்பேன். மண்டபத்துக்கு எந்த பஸ் என்று அங்கேதான் போட்டிருக்கும்.

படித்தால் பொழுதும் போகும். ஐடியூன்ஸ் நிபந்தனைகளில், அதைக் கொண்டு அணு ஆயுதமோ ஏவுகணையோ தயாரிக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. பாட்டுக் கேட்கிற சமாசாரத்தில் இது எதற்கு என்று மற்றவர்கள் சிரிக்கலாம். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குப் பாடம் எடுப்பவள் சிரிக்க மாட்டாள். 2010 ஏப்ரல் 1 அன்று கேம்ஸ்டேஷன் என்ற பிரிட்டிஷ் கடை, ‘உங்கள் ஆன்மா இனி எங்களுக்குச் சொந்தம்’ என்று தன் நிபந்தனைகளில் ஒரு வரியைச் செருகிவிட்டது. சுமார் 7,500 பேர் படிக்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பி.டி. சாரிடம் சொன்னேன். “வாங்கி என்ன பண்ணப்போறான்? வச்சுப் பராமரிக்கிறதுதான் செலவு” என்றார்.

இந்த வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் வினாடி வினா நடத்தும் ஆப் ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். இலவசம். பிள்ளைகள் செல்போனில் பதில் தட்டினால் மதிப்பெண் உடனே திரையில் ஏறும். திருத்துகிற வேலை மிச்சம். ஹெச்.எம். எனக்கு அதிலேயே வினாடி வினா நடத்தச் சொல்லிவிட்டார். நான் வழக்கப்படி நிபந்தனைகளைப் பிரித்தேன். பாதி வழியில் இப்படி ஒரு வரி: நீங்கள் ஆசிரியர் என்றால், உங்கள் மாணவர்களின் பெற்றோர் அனைவரிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டதாக உறுதி கூறுகிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி இன்னொன்று: உங்களால் எங்கள் மேல் வழக்கு வந்தால் எங்கள் வக்கீல் செலவையும் சேர்த்து நீங்களே ஏற்க வேண்டும். எங்களால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் அதிகபட்சம் 100 டாலர். வழக்காடும் இடம் கலிபோர்னியா.

என் கொழுந்தனார் டூவீலர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டு வந்து, மூன்று காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனவர். அவருக்கே போடாத கையெழுத்தை, முகம் தெரியாத ஒரு கம்பெனிக்காக 38 பிள்ளைகள் பேரில் போடச் சொல்கிறார்கள். நானோ பழைய ஓய்வூதியம் கேட்டு வருடம் தவறாமல் கொடி பிடிக்கிற பங்களிப்பு ஓய்வூதிய (சி.பி.எஸ்.) ஆசாமி. கலிபோர்னியா வக்கீலுக்கு ஃபீஸ் கட்ட நான் எங்கே போவேன்?

வயது விவகாரம் தனி வேடிக்கை. 1998இல் அமெரிக்கா போட்ட சட்டத்தின்படி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலை வாங்கப் பெற்றோர் ஒப்புதல் தேவை. அதனால் இந்த மாதிரி ஆப்கள் எல்லாவற்றுக்கும் 13 ஒரு புனித எண். நம் நாட்டில் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கோ 18 வரைக்கும் குழந்தை. எட்டாம் வகுப்பில் ஒருவன் தன் 13ஆவது பிறந்தநாளன்று கலர் டிரஸ்ஸில் வந்து சாக்லேட் நீட்டுகிறான். அந்தக் காலையிலிருந்து அவன் அமெரிக்காவுக்குப் பெரிய மனுஷன், டெல்லிக்குக் குழந்தை. எனக்கு வீட்டுப்பாடம் செய்யாதவன். டெல்லி சட்டத்தில் குழந்தைகள் விஷயத்தில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முழுசாக நடைமுறைக்கு வர ஒன்றரை ஆண்டு அவகாசம் வேறு.

“கவர்மென்ட்டே ஆப் விடுது, அதுக்கெல்லாம் யாரு பயந்தா?” என்றார் ஹெச்.எம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022இல் வெளியிட்ட அறிக்கையை நான் எடுத்து நீட்டினேன். கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, 89 சதவீதம் பிள்ளைகளைக் கண்காணித்தன, அல்லது கண்காணிக்க வழி வைத்திருந்தன என்று எழுதியிருந்தார்கள். நம் மத்திய அரசின் கல்விச் செயலியான திக்‌ஷாவும் அந்தப் பட்டியலில் உண்டு, பிள்ளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக எடுத்தது என்று. ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப பேரன்ட்ஸ்கிட்ட கையெழுத்து வாங்கிருங்க.”

வாங்கினேன். விஷயத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, ஜெராக்ஸ் போட்டு, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினேன். ஒருவர் சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம் என்று நினைத்து 200 ரூபாயைப் பின் அடித்து அனுப்பியிருந்தார். ஒரு பாட்டி நேரிலேயே வந்து, “கவர்மென்ட்டுல சைக்கிள் குடுத்தப்பகூட இவ்வளவு கேக்கலியேம்மா” என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தார். மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் ரேங்க் கார்டில் போடுகிற வேகத்தில் போட்டுவிட்டார்கள்.

மாட்டிக்கொண்டது அந்த ஒருவரிடம்தான். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர். முழு நிபந்தனையையும் பிரின்ட் எடுத்துக் கொண்டுவரச் சொல்லி, சிவப்பு மையோடு உட்கார்ந்தார்.

“எதிர்பார்ட்டி கையெழுத்து எங்க டீச்சர்?”

“அவங்க போட மாட்டாங்க சார்.”

“சாட்சி ரெண்டு பேரு?”

“இல்லை.”

“எப்ப வேணா நாங்க ஷரத்த மாத்துவோம், தொடர்ந்து உபயோகிச்சா நீ சம்மதிச்சதா அர்த்தம்னு எழுதியிருக்கான். கம்பெனியை வித்தா பிள்ளைங்க விவரமும் சேந்து போகும்னு எழுதியிருக்கான். இந்த மாதிரி ஒரு கிரயம் எங்க ஆபீஸ்ல கொண்டுபோனா மூஞ்சிலயே விட்டெறிவாங்க.” பேனாவை மூடினார். “முப்பது வருசமா பத்திரம் எழுதுறேன். இவ்வளவு நைசா எழுத எனக்கு வராது.” கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பிள்ளையை மட்டும் வெளியே உட்கார வைக்க எனக்கு மனசில்லை. அந்த ஆப்பிலேயே வழி இருந்தது: கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், சொந்தப் பெயரும் வேண்டாம். திரையில் வரும் எண்ணைத் தட்டி, ஏதாவது ஒரு புனைபெயரில் உள்ளே வந்தால் போதும். விளம்பரத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள். பத்திரக்காரரிடம் போனில் சொன்னேன். “பேரே இல்லேன்னா பத்திரமே இல்லையே, நடத்துங்க” என்றார்.

புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் அறிவித்ததுதான் தாமதம். வர்க்கமூலத்துக்கு இல்லாத சுறுசுறுப்பு வந்துவிட்டது. தளபதி மூன்று பேர், தல இரண்டு பேர், ‘சயின்ஸ் மிஸ் ஃபேன்’ ஒருவர், வெறும் ‘ம்’ ஒருவர். பரோட்டா சால்னா என்பவர் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்லி முதலிடம். அது யார் என்று கேட்டதும் ஏழு கைகள் உயர்ந்தன. பூஜ்யம் வாங்கிய ‘ஐன்ஸ்டீன்’ யார் என்றதற்கு ஒரு கையும் இல்லை.

ஹெச்.எம். மாலையில் மதிப்பெண் பட்டியல் கேட்டார். இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? தரவரிசைப்படி எழுதி, தேதி போட்டு, கையொப்பமிட்டு நீட்டினேன். அவர் முதல் வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிஷியல் விட்டுப்போச்சே டீச்சர்.”