கிரயமா, குத்தகையா?

மஞ்சக்குப்பத்தில் என் டைப்பிங் சென்டரில் ஓடுவது ஆபீஸ் 2003. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்த பையன் போட்டுவிட்டுப் போனது. சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் 'ஆபீஸ்' என்று எழுதியிருந்தான். நடுவில் ஒருமுறை கம்ப்யூட்டர் மாறியது, சிடி மாறவில்லை. நானோ பத்திரம் அடிப்பவன். மூலப்பத்திரம் பார்க்காமல் மனை வாங்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். என் கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ பட்டா இல்லாத புறம்போக்கு.

மச்சானுக்குச் சிதம்பரம் கீழ வீதியில் கடை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகள்தான் அவனுக்குச் சோறு. அவனிடம் 2016. வேலை குவிந்தால் எனக்கும் கொஞ்சம் தள்ளிவிடுவான். அவன் ஃபைலின் வாலில் 'டாக்' என்பதோடு ஒரு 'எக்ஸ்' ஒட்டியிருக்கும். 2007-ல் முளைத்த வால் அது. என் 2003-ல் திறந்தால் கட்டம் கட்டமாகக் கொட்டும். போன் போடுவேன். "பழசா சேவ் பண்ணி அனுப்புறேன் மாமா" என்பான். இப்படியே வண்டி ஓடியது.

போன அக்டோபரில் அவனே கூப்பிட்டான். "மாமா, 2025 அக்டோபர் 14-ஓட 2016-ஐ கம்பெனி கைகழுவிடுச்சு. இனிமே அப்டேட் கிடையாது."

"என்னுதை எப்பப்பா கழுவினான்?"

தேடிப் பார்த்துச் சொன்னான்: 2014 ஏப்ரல் 8. செத்து 11 வருடமான ஒருவனை உட்காரவைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். திவசம்கூடக் கொடுக்கவில்லை.

இந்த முறை காசு கொடுத்தே வாங்குவது என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழி நெடுக மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

மச்சான் விளக்கினான். ஒரே தடவை பணம் கட்டினால் ஆபீஸ் 2024, ஒரு கம்ப்யூட்டருக்கு. வருடா வருடம் கட்டினால் 365. எனக்குப் புரிந்த பாஷையில் ஒன்று கிரயம், இன்னொன்று குத்தகை. கிரயமே பண்ணிவிடலாம் என்று விதிமுறையைப் படிக்கச் சொன்னேன். தொழில் புத்தி. விற்கவில்லையாம், பயன்படுத்த உரிமம் மட்டும் தருகிறார்களாம். சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள ஒரு வரியும் இல்லை. இப்படி ஒரு பத்திரத்தை நான் அடித்துக் கொடுத்திருந்தால் பார்ட்டி என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

"பெட்டியில என்னப்பா இருக்கும்?"

"25 எழுத்து போட்ட அட்டை ஒண்ணு. வேற ஒண்ணும் இருக்காது மாமா."

திரையை விலக்கினால் வெறும் வெளி. ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்காமல்தான் பேசுகிறான்.

சரி, காசில்லாமல் லிப்ரே ஆபீஸ் இருக்கிறதே என்றான். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து தனிக்குடித்தனம் போனது. நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பென்டிரைவில் கொண்டுபோயிருந்த என் கிரயப் பத்திர மாதிரியைத் திறந்தபோது முதல் பக்கம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. முத்திரைத்தாளில் அச்சடிக்கிறவனுக்கு ஒரு வரி என்பது சும்மா இல்லை, தாளே வீண். அதோடு என் மாதிரிகள் எல்லாம் பாமினி எழுத்தில் இருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் நான் அடித்த 'அம்மா', எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்பாள். மச்சான் கம்ப்யூட்டரில் அப்படித்தான் நின்றாள். யூனிகோடுக்கு மாற்றலாம், கன்வெர்ட்டர் இருக்கிறது. 20 வருடத்துப் பத்திரங்களைச் சரிபார்க்க எனக்கு இன்னொரு 20 வருடம் வேண்டும்.

கடைசியில்தான் அவன் கேட்டான், என் கம்ப்யூட்டரில் என்ன விண்டோஸ் என்று. ஏழு என்றேன். அவன் முகத்தைப் பார்த்து, நோயாளி நான்தான் என்று தெரிந்துகொண்டேன். புது ஆபீஸ் ஏழில் ஏறாது. பத்துக்கும் அதே அக்டோபர் 14-ல் கதை முடிந்தது. பதினொன்று போட டிபிஎம் 2.0 சிப்பும் புது பிராசசரும் வேண்டும். அதாவது கம்ப்யூட்டரே வேண்டும். புதுக் கம்ப்யூட்டரோடு என் பழைய பிரிண்டர் பேசுமா என்பது அடுத்த கேள்வி. கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்த சாமியார் கடைசியில் கல்யாணம் வரைக்கும் போனார். நான் பிரிண்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். மறுநாள் காலை கடை திறந்ததும் மச்சான் போன்.

"ஒரு தீசிஸ் அவசரம் மாமா. என்ன முடிவு பண்ணீங்க?"

"பழசா சேவ் பண்ணி அனுப்புப்பா."