நாற்பது வயதுப் பாலகன்

பாலப் பருவத்தில் ‘மந்தம்’ என்றும், கல்லூரியில் ‘சிரத்தை போதாது’ என்றும், உத்தியோகத்தில் ‘கடிதத்தில் “கொடுத்தார்” என்பதைக் “கெடுத்தார்” என்றெழுதி மானத்தை வாங்குகிறவர்’ என்றும் பட்டம் பெற்று வந்த ஒருவர், நாற்பதாவது வயதில், இது குணதோஷமன்று, கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத் துணிவாராயின், அவருடைய கஷ்டகாலம் அன்றுதான் முறைப்படி ஆரம்பமாகிறது.

7 வகை ஊனங்களோடு திருப்தியடைந்திருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் போய், 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறைபாட்டையும் அங்கீகரித்தது வாஸ்தவமே. ஆனால் 2018இல் வெளியான வழிகாட்டு நெறிகள், 8, 14, 18 ஆகிய வயதுகளில் பரிசோதித்து, கடைசிச் சான்றிதழை ஆயுள் பரியந்தம் செல்லுபடியாக்கின. பதினெட்டுக்குள் விழித்துக்கொள்ளும் தீர்க்கதரிசனம் வாய்க்காதவரை அவை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்நெறிகள் சிபாரிசு செய்த பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் பரீட்சைத் தொகுதியோ 5 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளை உத்தேசித்தது. ஆகவே, மீசை நரைத்த நம் பாலகர், பென்சிலும் கையுமாய்ச் சொல்வதெழுதுதலுக்கு உட்கார வேண்டியதுதான்.

அதற்குமுன், மூன்றாம் வகுப்பு நோட்டும், பால்ய விருத்தாந்தம் கூறத் தாயாரும் தேவை. அப்புறம், வாசிப்பதில் சிரமம் உண்டா என்பதைப் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக விசாரிக்கும் படிவமொன்று. அதை மனைவியின் துணையோடு இரவெல்லாம் கண்விழித்துப் பூர்த்தி செய்து நீட்டினால், குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சொல்கிறார்:

“ஒரு பிழைகூட இல்லையே சார்! உங்களுக்கென்ன குறை?”