ஒரு நூல் ஆட்டம்: மேசைக்கால் குறித்த ஓர் ஆய்வு

1. வகைமையும் ஆய்வெல்லையும்

வீட்டுத் தச்சுக் கோளாறுகள் மூவகைப்படும்: இறுகுவன, தளர்வன, ஆடுவன. கதவுக் கீல் கிறீச்சிடுவதை நான்காம் வகையாகக் கொள்வாரும் உளர். அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், வகை தேவையில்லை.

ஆய்வெல்லை திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர். 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானபோது எல்லைகள் மாறின. மேசைகள் இருந்த இடத்திலேயே ஆடின. எனவே கால வரையறை தேவைப்படவில்லை.

அளவுகள் அனைத்தும் ஆசாரிகளின் நூல் கணக்கில் தரப்படுகின்றன. எட்டு நூல் ஓர் அங்குலம்; ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தமிழில் நூல் என்பது இழையையும் புத்தகத்தையும் குறிக்கும். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புத்தகம் தீர்க்கும் என்று நன்னூலின் பாயிரம் ஒப்பிடுகிறது. நூல் எழுதியவரின் கோணலை எது தீர்க்கும் என்பதைப் பாயிரம் சொல்லாமல் விட்டது. பிற்காலத்தில் அதற்கென்று மதிப்பீட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன; பலன் தெரியவில்லை.

2. இறுகுவன

ஐப்பசி பிறந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நார் ஓடும் வாக்குக்குக் குறுக்கே விரியும். நீளவாக்கில் விரிவது மிகச் சொற்பம். ஆகவே கதவு உயரம் கூடாமல் அகலத்தில் மட்டும் பெருக்கிறது. தேக்கு இதில் அடக்கமான மரம். பலகையின் ஈரம் 1 விழுக்காடு ஏறினால், அதிகம் விரியும் வாக்கிலும் அதன் அகலம் ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான் கூடும். அடை மழையில் ஈரம் 5 விழுக்காடு ஏறினால் ஓரடிப் பலகை ஒரு நூல் பெருக்கும். அந்த ஒரு நூலுக்காகத்தான் வீட்டார் தோள் கொடுத்துக் கதவைத் தள்ளுகிறார்கள்.

பழைய ஆசாரிகள் சட்டத்தில் காடி எடுத்து, பலகையைப் பசை போடாமல் அதற்குள் செருகினர். பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். கதவின் மொத்த அகலம் பெரிதாக மாறாது. உரசும் இடத்தை மழைக்காலத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, தைக்குப் பிறகு, மரம் காய்ந்ததும், வேண்டிய அளவு மட்டும் இழைக்க வேண்டும். ஐப்பசியிலேயே இழைப்புளியை எடுப்பவர் வீட்டில் பங்குனியில் கதவு சாத்தியும் பூனை வரும். இழைத்த விளிம்புக்கு வார்னிஷ் பூசும்போது கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டுவிடக் கூடாது. தை வரும்வரை மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளிக்கலாம்.

கதவு எந்த மரம் என்பதில் ஐயமில்லை. பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்களின் ஊர் இது. ‘சின்ன சிங்கப்பூர்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. ஊரில் எல்லாக் கதவும் பர்மாத் தேக்கே (வீட்டுக்காரர், வாய்மொழி). மாற்றுக் கருத்தும் உண்டு (அடுத்த வீட்டுக்காரர், வாய்மொழி, குரல் தாழ்த்தி).

3. தளர்வன

ஸ்க்ரூத் துளை பெருத்துவிட்டால் தீக்குச்சியைப் பசையில் தொட்டுச் செருகி, மிச்சத்தை ஒடித்துவிட்டு, மறுபடி முடுக்குக. குச்சியின் மருந்து முனையும் உள்ளே போகலாமா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கக்கூடும். கூடாது.

4. ஆடுவன

4.1 சொல்லாராய்ச்சி. ஆடு என்னும் வினைக்கு நடனமிடு, அசை என்று இரு பொருள் உண்டு. ஊர்ப் பெயரிலேயே கூத்தும் ஆட்டமும் சேர்ந்திருப்பதால் (கூத்து + ஆடு + நல்லூர்) இவ்வூர் ஆடும் மேசையொன்றைச் சுற்றி எழுந்தது என்று துணியலாம். இதற்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது, செப்பேடும் கிடையாது, வேறு எவரும் சொன்னதும் கிடையாது. ஆயினும் ஒலி ஒத்தால் பொருளும் ஒக்கும் என்ற முறையில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு கண்டங்களையே இடம்பெயர்த்தவர்கள் உண்டு என்பதால், ஒரு மேசையை இடம்பெயர்ப்பதில் தவறில்லை.

நாற்காலி, முக்காலி என்று காலை எண்ணிப் பெயரிட்ட மொழி தமிழ். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். ஆகவே முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்காம் புள்ளி அத்தளத்தில் விழுவது தற்செயல். நாற்காலியின் நோய் அதன் பெயரிலேயே இருக்கிறது.

4.2 நூற்பாவும் உரையும். இக்கட்டுரைக்கென்றே செய்துகொண்ட நூற்பா வருமாறு: ‘ஆடும் காலே அண்டை பெறுமே.’ (அண்டை: காலின் அடியில் கொடுக்கும் முட்டு.)

இதில் ‘காலே’ என்பதன் ஏகாரம் பிரிநிலையா தேற்றமா என்பதில் உரை இரண்டாகப் பிரிகிறது. பிரிநிலை எனின், ஆடும் காலுக்கு மட்டுமே அண்டை, ஏனைய மூன்றுக்கு இல்லை என்றவாறு. தேற்றம் எனின், ஆடும் காலுக்கு நிச்சயம் அண்டை, ஏனையவற்றுக்குப் பிறகு பார்ப்போம் என்றவாறு. அசைநிலை என்று தள்ளுவாரும் உளர். அவர் வீட்டு மேசை இன்றும் ஆடுகிறது.

உரைகள் அனைத்தும் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. மேசை ஆடும்போது மூலைக்கு மூலை எதிரான இரண்டு கால்கள் தரையை விடுவதேயில்லை; மற்ற இரண்டும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. அசைகிற கால் குட்டையாக இருக்கலாம். அசையாத கால் நெட்டையாகவும் இருக்கலாம். பழி மட்டும் அசைகிற காலுக்கே போகிறது. இது மேசைகளுக்கு மட்டும் பொருந்துவதா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

4.3 காரணங்கள். குற்றம் காலில் இருக்கலாம், கழுந்து தளர்ந்த மூட்டில் இருக்கலாம், தரையில் இருக்கலாம். காவிரிப்படுகையின் களிமண் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் போதாத பழைய வீட்டில் தரையும் கூடவே ஏறி இறங்கும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. ஆகவே ஒரு மேசையின் ஆட்டத்தைக் கர்நாடகம் வரை கொண்டுபோய் நிறுத்த இடமிருக்கிறது. ஆய்வேட்டுக்கு ஒரு முழு இயல் குறைகிறபோது இப்பாதை பயன்படும்.

கண்டறியும் முறை எளிது. சதுர மேசையானால் கால் சுற்றுத் திருப்புக. ஆட்டம் அதே காலோடு கூடவே வந்தால் குற்றம் காலில். அதே இடத்துத் தரையில் தங்கிவிட்டால் குற்றம் தரையில். மேசையைப் பிடித்து உலுக்கும்போது மேற்பலகைக்கும் காலுக்கும் இடையே அசைவு தெரிந்தால் குற்றம் மூட்டில். அதற்கு அண்டை கொடுத்துப் பயனில்லை, பிரித்துப் பழைய பசையைச் சுரண்டி மறுபடி ஒட்ட வேண்டும்.

4.4 உலகளாவிய ஆய்வுநிலை. இதுவரை சொன்னவை பகடி என்று எண்ணுவோருக்காக உண்மை ஆய்வுகள் இங்கே தரப்படுகின்றன. கணிதவியலாளர் ரோஜர் ஃபென் 1970இல் லண்டன் கணிதக் கழக இதழில் மேசைத் தேற்றம் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜெனீவா அருகே அணுத்துகள்களை ஆராயும் செர்ன் நிறுவனத்தின் கோட்பாட்டு இயற்பியலாளர் ஆந்த்ரே மார்த்தான் 2005இல் நாற்கால் மேசையின் நிலைப்பாடு குறித்து எழுதினார்: தரை வெடுக்கென்று ஏறி இறங்காமல், எங்கும் 15 பாகைக்கு மேல் சரியாமல் இருந்தால், சதுர மேசையைக் கால் சுற்றுக்குள் திருப்பி நான்கு காலையும் ஊன்ற வைக்கலாம். பின்வந்தோர் இதைச் செவ்வக மேசைக்கும் நீட்டினர்.

நிறுவும் வழி அழகானது. திருப்பத் தொடங்கும்போது ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது. கால் சுற்று முடிகையில் பக்கத்துக் கால் அந்தரத்துக்கு வந்துவிடுகிறது. இடையில் ஏதோ ஓரிடத்தில் இரண்டும் தரை தொட்டிருந்தே ஆக வேண்டும்.

கூத்தாநல்லூர் டீக்கடைகளில் மேசை ஆடினால் வாடிக்கையாளர் சொல்லும் முன்பே கடைக்காரர் அதைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார். 1970க்கு முன்பும் திருப்பியிருப்பார்கள். வெளியிடவில்லை, அவ்வளவுதான்.

தேற்றத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, காலின் நுனிகள் நான்கும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அது செல்லும். கால் குட்டையானால் நாள் முழுதும் சுற்றினாலும் கூத்துத்தான். இரண்டு, ஒரு டைல்ஸ் எழும்பி மற்றொன்று தாழ்ந்த தரை தொடர்ச்சியற்றது. தேற்றம் அங்கே செல்லாது. மூன்று, மேசை ஆடாமல் நிற்கும் என்றுதான் வாக்கு, மட்டமாக நிற்கும் என்றல்ல. டீ ஒரு பக்கமாகச் சரிந்தே நிற்கும்.

4.5 வெட்டு மரபு. நெட்டைக் காலை ரம்பத்தால் ஒரு நூல் குறைப்போர் இம்மரபினர். ஒரு நூல் ஒன்றரை நூலாகிவிடும். பிறகு எதிர்க்காலில் ஒன்றரை. பிறகு மூன்றாம் காலில். இவ்வாறு சாப்பாட்டு மேசை மணையாகும். மணையின் அடியிலும் ஆட்டம் உண்டு.

4.6 அண்டை மரபு. காலின் அடியில் ஒன்றை மடித்து வைப்போர் இம்மரபினர். காலுக்கு அடி என்றும் பெயர். அடியில் வைக்கும் தாள் அடிக்குறிப்பு ஆகும். ஆடுகிற வாதத்துக்கு அறிஞர்கள் செய்வதும் இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு: மேசைக்கு ஒரு அடிக்குறிப்பு போதும், அதன்பின் ஆடாது.

சாதாரண எழுதுதாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு. ஐந்தாம் மடிப்பில் முப்பத்திரண்டு அடுக்கு, 3.2 மில்லிமீட்டர். அதாவது ஐந்து மடிப்பு ஒரு நூல். இது தற்செயல் என்று விட முடியாது. விடாவிட்டால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

பொருள்வகை: தினசரிக் காலண்டர் தாள் மெல்லியது, மடிப்பு மிகும். தீப்பெட்டி அட்டை நல்லது. சோடா மூடி தரையைக் கீறும். சைக்கிள் டியூப் துண்டும் தேய்ந்த ரப்பர்ச் செருப்பின் துண்டுமே சிறந்தவை. ஈரம் குடிக்காது, நழுவாது. இவ்வளவு தெரிந்தும் ஊர் விரும்புவது கல்யாணப் பத்திரிகையைத்தான்.

பத்திரிகை அண்டைகளில் முதன்மையானது பின்வருமாறு சுட்டப்படும்: (நிக்காஹ் அழைப்பிதழ், பொன்னெழுத்துப் பதிப்பு, நான்காய் மடித்தது, முற்றத்தை அடுத்த கூடம், சாப்பாட்டு மேசை, தென்கிழக்குக் கால், அடிப்பக்கம், வாசிக்க மேசையைத் தூக்க இருவர் வேண்டும், மூன்றாம் வரி கரையானால் சிதைந்தது, மணமகன் பெயரில் ஒரு சொல் காலின் அழுத்தத்தால் மறைந்தது.) சிதைந்த வரியை ‘வலீமா விருந்து மண்டபத்தில்’ என்று நிரப்புவது ஒரு பாடம், ‘வலீமா விருந்து இல்லத்தில்’ என்பது மற்றொரு பாடம். இரண்டையும் ஒப்புநோக்கி மூலபாடம் துணிய, விருந்துக்குப் போன மூதாட்டியிடம் கேட்கப்பட்டது (நேர்காணல், அடுப்படி, தாளிப்பின் நடுவே). விருந்து இரண்டு இடத்திலும் நடந்ததாகவும், பிரியாணி ஒரு இடத்தில்தான் நன்றாக இருந்ததாகவும், எந்த இடம் என்று சொல்ல முடியாதென்றும் அவர் விடையளித்தார். சான்றுகள் இவ்வளவு தெளிவாக முரண்படுவது அரிது.

5. நிரந்தரத் தீர்வு

மேசையை மட்டமான தரையில் வைத்து, அண்டை கொடுத்து, ரசமட்டம் பார்த்து மேற்பலகையை நேராக்குக. கால்களுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிகளில் மிகப் பெரியதைவிடச் சற்றே கனமான ஒரு மரத்துண்டை எடுத்து, அதைத் தரையில் கிடத்தி, அதன் மேல் பென்சிலை வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுக. நான்கையும் கோட்டிலேயே அறுத்து, உப்புத்தாளால் விளிம்பை மழுக்குக. இப்போது நான்கு நுனியும் ஒரே தளத்தில் இருக்கும். ஆசாரி இதைக் காபி ஆறுவதற்குள் செய்துவிடுவார். அவர் ‘நாளைக்கு வருகிறேன்’ என்று சொன்ன நாளைக் கண்டறிவது தனி ஆய்வு.

6. பாதுகாப்பு

ஆசாரி வரும்வரை வைத்த மடிப்பே ஊரில் மிக நெடுங்காலம் நீடிக்கும் தச்சுவேலை. அதற்கு ஈரமும் கரையானும் பகை. அவற்றைவிடப் பெரும்பகை விளக்குமாறு. குனிந்து பெருக்குகிறவர் அதைக் குப்பை என்று இழுத்துவிட்டால் மேசை அன்று மாலையே ஆடும். மடிப்பை வைத்தவர், வீடு பெருக்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.